மறைத்தலும் வாய்மையும்

பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி முதலிய ஊர்களில் ஸ்கேன் நிலையத்துட் புகுவார், கருவின் பால் இங்கே தெரிவிக்கப்படமாட்டாது என்னும் பலகையைக் காண்பர். செவிக்கெட்டா ஒலியலைகள் உடலுட் சென்று மீண்டு உருக்காட்ட, மருத்துவர் காண்கின்றார். உடனிருந்து உதவும் பணியாளரும் காண்கின்றார். பெண்ணென்றறிந்து கருவை அழிப்பார் உளராதலின், அதன் பாலைச் சொல்லாலோ குறியாலோ எவர்க்கும் வெளியிடலாகாதென 1994-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் விலக்கிற்று. கண்டதை மறைத்தல் வாய்மைக்கு இழுக்கன்றோ எனின், அன்றென்க.

ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்று; அதனையும் அருளென்றே நம் ஆசிரியர் கொள்வர். இறைவன் மறைப்பது மலபரிபாகத்தின்பொருட்டு. பணியாளர் மறைப்பது ஓருயிர் எடுத்த உடலை இழவாமைப்பொருட்டு. இரண்டும் ஒன்றென்னேம், மறைப்பெல்லாம் பொய்யென்பாரை மறுக்க இத்துணையே அமையும். ஆண் பெண் என்பனவும் தனுவின் வேறுபாடேயன்றி உயிர்க்கில்லை.

ஆணெனக் கண்டவழிக் கூறுதலால் யார்க்கும் ஊறின்றே என்பாரும் உளர். இத்தடை எளிதன்று. ஆயினும், ஆண் கண்டு கூறிப் பெண் கண்டு வாய்மூடின், அம்மூடலே பெண்ணென்று பறையறைந்ததாம். எனவே, அன்பொன்றாலே வினவும் தாய்க்கும் விடையில்லை. அவளது ஏமாற்றம் அயலாள் வயிற்று மகவைக் காக்கின்றது. நோய் கண்டவழியோ மறைத்தல் தகாது. மருத்துவர் கூறியே தீரவேண்டும்.

பணியாளர் பெரும்பாலும் அவ்வூரினர். உறவினரும் அண்டை வீட்டாரும் நடைவழியில் நிறுத்தி வினவுவர். வினவாது முகத்தையே நோக்கி நிற்பாரும் உண்டு. அவர்முன் முறுவலும் குறியேயாம்.