ஒலியும் செயலும்

சென்ற மாதம் என் தமக்கை மகன் வந்திருந்தான். கணிப்பொறி வேலையில் இருப்பவன். பெட்டியைத் திறந்ததும் துணிமணிகளுக்கு முன்பாக மூன்று விசைப்பலகைகளை எடுத்து என் மேசைமேல் வைத்தான்.

"மூன்றிலும் ஒரே பத்தியை அடித்துப் பாருங்கள், மாமா. எது கைக்கு நன்றாக இருக்கிறது, சொல்லுங்கள்" என்றான்.

இளமையில் தட்டச்சு பயின்றவன் நான். விரலுக்குச் சிறிது எதிர்ப்பு இருந்தால்தான் எழுதிய நிறைவு எனக்கு வரும். ஆவலோடு உட்கார்ந்தேன்.

முதலாவது, அலுவலகங்களில் எங்கும் காணும் மலிவான பலகை. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு ரப்பர்க் குமிழ். ஏறக்குறைய அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். ஓசை மிகக் குறைவு.

இரண்டாவது, செர்ரி நிறுவனத்தின் நீல விசைகள் கொண்டது. 'டிக் டிக்' என்று இனிமையாக ஒலித்தது. ஒரு விசையைப் பிரித்துக் காட்டினான் அவன். மின்தொடர்பை இணைப்பது ஓர் உறுப்பு. ஓசை எழுப்புவது வேறொரு சிறிய உறுப்பு. இரண்டும் ஏறக்குறைய ஒரே கணத்தில் நிகழுமாறு அமைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, ஐ.பி.எம். நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த 'மாடல் எம்'. 2 கிலோவுக்கு மேல் கனம். விசைக்குள் ஒரு சுருள்வில் இருக்கிறது. அழுத்த அழுத்தச் சுருங்கும் அந்த வில், ஒரு கட்டத்தில் தாங்க மாட்டாமல் பக்கவாட்டில் மடிகிறது. மடியும்போதே அடியிலுள்ள சிறு சுத்தியைச் சாய்க்கிறது, எழுத்து பதிகிறது. வில் மடியும் ஓசைதான் நம் காதில் விழும் ஓசை. அங்கே ஒலி வேறு, செயல் வேறு அன்று.

"இதுதான் உத்தமம்! மற்றது வெறும் வேஷம்" என்றேன்.

அவன் சிரித்தான். "அவசரப்படாதீர்கள், மாமா. 1970-களில் இதே ஐ.பி.எம். தன் முனையங்கள் சிலவற்றில், ஓசைக்கென்றே மின்காந்தத்தால் தட்டும் ஒரு கருவியை வைத்திருந்தது. தட்டச்சுப்பொறியின் சத்தத்துக்குப் பழகியவர்களுக்காக. அதுவும் வேஷமா? எழுத்து விழுந்திருந்தால், ஓசை எங்கிருந்து வந்தால் என்ன?"

எனக்கு விடை தோன்றவில்லை. வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது.

ஓராண்டுக்கு முன் பழைய நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். மகளைக் கல்லூரியில் சேர்க்கக் கொஞ்சம் பணம் குறைந்தது. "கவலையை விடுங்கள், அவள் என் மகள் மாதிரி" என்றேன். சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. அது நடிப்பும் அன்று. அவர் கண் கலங்க விடைபெற்றார். நான் மறுநாள் அனுப்பலாம் என்றிருந்தேன். பிறகு மறுவாரம் என்றிருந்தேன். அந்தப் பெண் அவ்வாண்டு கல்லூரியில் சேரவில்லை. நண்பர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. நானும் அந்தத் தெருப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன்.

பேசாமல் உதவுகிறவர்கள் உண்டு. அவர்கள் அந்த ரப்பர்க் குமிழ் போன்றவர்கள். இனிமையாகப் பேசி உதவுகிறவர்களும் உண்டு. பேச்சு தனியே பிறந்தாலும் உதவி கூடவே வந்து சேர்கிறது. சொல்லே செயலாக இருப்பவர்கள் மிகச் சிலர். இவர்களில் யாரையும் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் எழுப்பியது நல்ல ஓசை, எழுத்துத்தான் விழவில்லை. ஓசை கேட்டுவிட்டதால் கடமை முடிந்தது என்று என் மனமே என்னை ஏமாற்றிவிட்டது. நல்ல சொல்லில் இந்த ஆபத்து இருக்கிறது: கேட்டவருக்கு முன்பாகச் சொன்னவனுக்கே அது நிறைவைத் தந்துவிடுகிறது.

மருமகன் ஊருக்குப் போகும்போது மாடல் எம்மை என்னிடமே விட்டுச் சென்றான். அன்றிரவு அதில் நண்பருக்குக் கடிதம் அடித்தேன். சத்தத்தில் விழித்துக்கொண்ட என் மனைவி, "இந்நேரத்தில் யாருக்கு?" என்று கேட்டாள். சொன்னேன்.

"பணம்?"

"காலையிலேயே அனுப்பிவிட்டேன்" என்றேன்.