அன்று ஈன்ற கன்று

(துறையூர் பெருமாள்மலை அடிவாரத்தில் நிகழ்த்திய உபந்யாசத்தின் ஒரு பகுதி)

புரட்டாசி சனிக்கிழமை. மலையேறிப் பிரசன்ன வேங்கடாசலபதியைச் சேவித்துவிட்டுக் கால்வலியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். உபந்யாசகர் இப்படிச் சொன்னால் நம்பக் கூடாது, அது வேறு விஷயம்.

நம்மிடம் குற்றம் உண்டா என்று விசாரிக்கவே வேண்டாம். உண்டு. அதைப் பெருமாள் என்ன செய்கிறார் என்பதில்தான் பெரியவர்களுக்குள் வழக்கு. ஸ்ரீரங்கத்தில் எழுந்தருளியிருந்த பிள்ளை லோகாசாரியர், ஸ்ரீவசன பூஷணத்தில் பசுவைக் காட்டுகிறார். அன்று ஈன்ற கன்றின் உடம்பெல்லாம் அழுக்கு. தாய்ப்பசு முகம் சுளிப்பதில்லை, நக்கி நக்கி ருசிக்கிறது. அப்படியே அடியவனின் தோஷமும் பெருமாளுக்குப் போக்யம், அதுவே வாத்ஸல்யம் என்பது அவர் பக்ஷம். வேதாந்த தேசிகர் இதை ஒப்பவில்லை. குற்றத்தைக் கண்டும் காணாதவராய்ப் பொறுப்பதுதான் வாத்ஸல்யம் என்றார்.

குற்றம் பெருமாளுக்கு இனிக்குமென்றால் இன்னும் நாலு செய்து வைக்கலாமே என்று ஒருவன் கிளம்பமாட்டானா? நியாயமான கவலை. ஆனால் அந்த அழுக்கு கன்றோடு கூடப் பிறந்தது. தாய் நக்கட்டும் என்று எந்தக் கன்றும் போய்ச் சேற்றில் புரள்வதில்லை.

விபீஷணனைச் சேர்க்காதே என்று சுக்ரீவன் தடுத்தபோது ராமபிரான் என்ன சொன்னார்? அவனிடம் குற்றமே இருந்தாலும் விடமாட்டேன் என்றார். அவனாவது சரணம் என்று வந்தவன். அசோகவனத்து ராக்ஷசிகள்? சரணம் என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? சீதாப்பிராட்டியைத் துன்புறுத்திய ஈரம் காயவில்லை. அவர்களை அடிக்க அனுமதி கேட்கிறார் அனுமார், பிராட்டி தடுத்துவிட்டாள். இதைச் சொல்லித்தான் பராசர பட்டர் தம் ஸ்ரீகுணரத்ன கோசத்தில், தாயே, உன்னால் ராமனுடைய கோஷ்டியே சிறுத்துப் போயிற்று என்கிறார். சீதையாய் வந்த ரங்கநாயகித் தாயாரிடம் அவருக்கு அத்தனை உரிமை.

குற்றம் செய்தவரையும் காப்பது என்பது பட்டருக்கு ஏட்டில் மட்டும் கிடைத்த பாடமல்ல. அவருடைய தகப்பனார் கூரத்தாழ்வான். சோழன் சபையில் அவர் கண்ணிழக்கக் காரணமாயிருந்தவன் நாலூரான். பிற்காலத்தில், காஞ்சி வரதனிடம் கண்ணைக் கேட்டு வாங்கும் என்று ராமாநுஜர் ஆழ்வானை அனுப்பினார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவம் பாடினார். வரதன் உகந்து, என்ன வேண்டும் என்றான். ஆழ்வான் கண்ணைக் கேட்கவில்லை. அடியேனுக்குத் தரும் பேற்றை நாலூரானுக்கும் தரவேண்டும் என்றார்.