என்னத்துக்குப் போனாய்?

எங்கள் ஆட்கள் ஊர் பார்க்கவென்று ஓரிடத்துக்கும் போவதில்லை. போனால் ஒரு காரியம் இருக்கும். கலியாணம், செத்தவீடு, கோயில் திருவிழா, காணி உறுதி, எம்பசி. நல்லூர்த் தேருக்குப் போகிறவர் அப்படியே யாழ்ப்பாணத்தையும் பார்த்துவிட்டு வருவார். யாழ்ப்பாணத்தைப் பார்க்கவென்றே டிக்கெட் எடுத்தவரை கொழும்பு வெள்ளவத்தையில் நான் அதிகம் கண்டதில்லை. வெளிநாட்டுக்கும் அதே கணக்குத்தான். ரொறன்ரோவில் அண்ணன் மகளுக்குக் கலியாணம் நடக்கவேண்டும், அல்லது லண்டனில் பேரப்பிள்ளை பிறக்கவேண்டும். நயாகராவைப் பார்ப்பது போன இடத்தில் கிடைக்கும் கொசுறு.

ஆகவே, இத்தாலியின் பலேர்மோவில் படிக்கும் என் பெறாமகள் போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை இரவு போன் எடுத்து, "பெரியம்மா, நான் இண்டைக்கு ஒரு கிராமத்துக்குப் போட்டு வந்தனான்" என்றபோது, "என்னத்துக்கு?" என்றுதான் என் வாயில் வந்தது.

அவள் கொட்டாஞ்சேனையில், சாந்த லூசியா பேராலயத்தின் குவிமாடம் தெரிகிற வீட்டில் வளர்ந்தவள். குடும்பம் சைவம். பொன்னம்பலவாணேசுவரத்துக்கும் போவார்கள், செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாருக்கும் மெழுகுதிரி கொளுத்துவார்கள். லூசியா சிசிலித் தீவின் சிராக்கூசா நகரத்துக்காரி, அந்தோனியாரின் கல்லறை இருப்பது பாதுவாவில். இதை வைத்தே இத்தாலி என்பது ஏதோ பக்கத்து ஒழுங்கை மாதிரி என் தங்கை மனதைத் தேற்றிக்கொண்டாள். பிள்ளை தனியாக ரயில் ஏறி, பெயர் தெரியாத ஊரில் இறங்கினாள் என்றதும் அந்தத் தேறுதல் பறந்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். பலேர்மோவிலிருந்து அக்ரிஜென்தோ போகும் ரயிலில் ஏறியிருக்கிறாள். கடலோரமாகப் போகிற பாதை தெர்மினி இமெரேசேக்குப் பிறகு உள்நாட்டுக்குத் திரும்புகிறது. மேடும் பள்ளமுமாகக் கோதுமை நிலம். அறுப்பு ஜூனிலேயே முடிந்துவிட்டதால் ஒக்டோபரில் உழுத மண் மட்டும்தான். ரொக்கபலூம்பா என்ற பெயர்ப்பலகையைக் கண்டு இறங்கினால், ஸ்டேஷன் இருக்கிறது, ஊரைக் காணவில்லை. ஊர் தள்ளிக் குன்றுப்பக்கம் இருக்கிறதாம். நடந்திருக்கிறாள். மத்தியானம் கடைகளெல்லாம் பூட்டு. ஒரு வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற கிழவர்தான் கூப்பிட்டு நாகதாளிப் பழம் கொடுத்திருக்கிறார்.

நாங்கள் கள்ளி என்று ஒதுக்குகிற சாதி. அம்பாந்தோட்டைப் பக்கம் புந்தலவில் இதன் உறவுச் செடி காட்டை மூடிப் பெரிய தலையிடி கொடுக்கிறது. மெக்சிக்கோவிலிருந்து வந்த இந்தச் செடியைச் சிசிலிக்காரர் தோட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ஜூனில் முதல் பூவையும் பிஞ்சையும் தட்டிக் கொட்டிவிடுவார்களாம். செடி ஏமாந்துபோய் இரண்டாம் தரம் பூக்கும். அந்தப் பழம்தான் மழை கண்டு, பெருத்து, விதை குறைந்து, இலையுதிர் காலத்தில் நல்ல விலைக்குப் போகும். கிழவர் பழத்தை முள்ளுக்கரண்டியால் குத்திப் பிடித்து, இரண்டு முனையையும் சீவி, நெடுக்காக ஒரு கீறு கீறி, தோலைப் பாய் சுருட்டுவதுபோல் உருட்டி எடுத்தாராம். கையால் தொட்டால் கண்ணுக்குத் தெரியாத சுணை ஏறும். இவள் தொட்டுவிட்டாள். இரவு போன் எடுக்கும்போதும் விரல் அரித்துக்கொண்டிருந்தது.

பழம் தின்றுகொண்டிருக்கும்போது கிழவர் கேட்டிருக்கிறார்: "எந்த வீட்டில் வேலை செய்கிறாய்?" அந்த நாட்டில் இலங்கை முகம் என்றால் சமையல், வீட்டுவேலை, முதியோரைப் பராமரித்தல். கட்டடக்கலை படிக்கிறேன் என்றிருக்கிறாள். அப்படியானால் இங்கே என்னத்துக்கு வந்தாய் என்பது அவருடைய அடுத்த கேள்வி. சிசிலிக் கிழவருக்கும் வெள்ளவத்தைப் பெரியம்மாவுக்கும் ஒரே கேள்வி!

ஆனால் எங்கள் வாயில் அந்தக் கேள்வி எப்படி ஏறியது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 2007 ஜூன் 7, விடியப்புறம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி பஸ்களில் ஏற்றினார்கள். மொத்தம் 376 பேர். பெரும்பாலானோரைக் கொண்டுபோய் வவுனியாவில் விட்டார்கள். கொழும்பில் தங்கியிருக்கத் தகுந்த காரணம் இல்லாதவர்கள் என்பது சொல்லப்பட்ட நியாயம். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; பிரதமரும் பிறகு வருத்தம் தெரிவித்தார். ஏற்றப்பட்டவர்களில் வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர் எல்லோரும் இருந்தார்கள். காரணம் இருந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், காரணமில்லாமல் ஒரு பெடியன் மருதானையில் இறங்கி நடந்துபார்க்க முடியுமா? செக்பொயின்ற்றில் அடையாள அட்டையோடு சேர்த்து ஒரு காரணத்தையும் நீட்டவேண்டிய காலம் அது. ஒரு தலைமுறை முழுக்க அப்படித்தான் வெளிக்கிட்டுப் போய் வந்தது. யுத்தம் முடிந்தது 2009இல். சோதனைச் சாவடிகளையும் பிறகு எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் நிற்பதை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. இப்போது அங்கே நின்று கேட்கிறவர்கள் தாயும் பெரியம்மாவும்.

பலேர்மோவில் எண்பதுகளிலிருந்தே எங்கள் சனம் இருக்கிறது. கிழமையில் ஆறு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை பலர் பெல்லெக்ரீனோ மலை ஏறுகிறார்கள். மலைக்குகையில் சாந்த ரொசாலியாவின் கோயில். 1624இல் நகரத்தில் கொள்ளைநோய் பரவியபோது காப்பாற்றியவள் என்று அந்த ஊரே நம்புகிற புனிதை. திருநீறு பூசிய சைவர்களும் நேர்த்தி வைத்து வெறுங்காலோடு ஏறுகிறார்களாம். இதைக் கேட்டு எனக்கு மனம் நிறைந்தது உண்மை. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. கிடைக்கிற ஒரேயொரு ஓய்வு நாளையும் ஒரு கடனாக்கித்தான் எங்களால் செலவழிக்க முடிகிறதா? பெறாமகளும் அந்த மலைக்குப் போனவள்தான். அங்கே கண்ட அன்ரிமார் எல்லோரும் பரீட்சையைப் பற்றிக் கேட்டார்கள் என்றாள்.

இஷ்டத்துக்குச் சுற்றுவது வசதி உள்ளவரின் விளையாட்டு என்று ஒருவர் சொன்னால் பாதி ஒத்துக்கொள்வேன். ரோமுக்குத் தெற்கே லத்தீனா மாவட்டத்துத் தோட்டங்களில் பஞ்சாபிகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். 2024 ஜூனில் அங்கே இந்தியத் தொழிலாளி ஒருவரின் கை இயந்திரத்தில் சிக்கி அறுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அவருடைய வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு நாளில் அவர் இறந்துபோனார். அவருக்கு அந்த மண்ணில் நிற்க ஒரேயொரு காரணம்தான் இருந்தது, வேலை. கை போனதும் அந்தக் காரணமும் போய்விட்டது. போட்டுவிட்டுப் போனவர்களின் கண்ணில் ஆளும் இல்லாமல் போய்விட்டார். மனிதரை வந்த காரணத்தை வைத்து மட்டும் அளந்தால் கணக்கு இப்படித்தான் முடியும். அதனால்தான் மற்றப் பாதியை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்காவது காரணமில்லாமல் ஓரிடத்தில் நிற்கலாம் என்பது எல்லோருக்கும் உரியது. வசதி உள்ளவருக்கு மட்டும் அதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

இவ்வளவு எழுதுகிறவள் தானும் ஒரு நாள் போய்ப் பார்க்கவேண்டாமா? வெள்ளவத்தை ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்து, தெற்கே போகும் ரயிலில் ஏறினேன். இந்தப் பாதை 2019இலிருந்து மாத்தறையையும் தாண்டி பெலிஅத்த வரை போகிறது. நான் அம்பலாங்கொடையில் இறங்கிவிட்டேன். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் கொளுத்தியது, வாங்கிய சோற்றுப் பார்சல் வாயில் வைக்க முடியவில்லை. உள்ளே போன ஒழுங்கையில் ஒரு கொட்டிலுக்குள் ஐந்தாறு பேர் நிலத்தில் இருந்து கறுவா உரித்துக்கொண்டிருந்தார்கள். மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் தேய்த்து, இரண்டு பக்கமும் கீறி, பட்டையைக் கிழியாமல் கழற்றுகிறார்கள். சின்னத் துண்டுகளைப் பெரிய சுருளுக்குள் செருகி, கூரைக்குக் கீழே கட்டிய கயிற்றில் நிழலில் காயவிடுகிறார்கள். என் கறிச்சட்டிக்குள் எத்தனை வருடமாக விழுகிற சாமான்! அதை உரிக்கிற கையை அன்றுதான் பார்த்தேன். எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் ஒரு பெண் கேட்டாள். ஓரிடத்துக்கும் இல்லை என்றேன். சிரித்துவிட்டு, இருக்கச் சொல்லி ஒரு பலகையைத் தள்ளிவிட்டாள்.

பொம்பிளைப் பிள்ளை தனியாகப் போவதில் ஆபத்து இல்லையா என்று தங்கை கேட்கிறாள். இருக்கிறது. காலி வீதியைக் கடப்பதிலும் இருக்கிறது. போன் சார்ஜில் இருக்கட்டும், கடைசி ரயிலின் நேரம் தெரிந்திருக்கட்டும், இறங்கிய ஊரின் பெயரை ஒரு மெசேஜாகப் போடட்டும். அதற்கு மேல் நாங்கள் கேட்பது பெரும்பாலும் பழைய பயம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை சனிக்கிழமை காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு இடத்துக்குப் போய்விட்டு வாறன் என்று சொல்லும். என்னத்துக்கு என்று கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு வருவாய் என்று மட்டும் கேளுங்கள். டிக்கெட்டுக்குக் காசும் கொடுங்கள்.