இரண்டாவது தோட்டா

ஒரு சமயத்தில் ஒரே தோட்டா கொள்ளும் வேட்டைத் துப்பாக்கி பழைய விஷயம். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஃபார்குவார்சன் 1872-ல் காப்புரிமை பெற்ற அமைப்பை ஒட்டி, 1967-ல் அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 'நம்பர் ஒன்' என்ற ரைபிளைக் கொண்டுவந்தது. அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிகள் தாராளமாகக் கிடைத்த காலத்தில் இது ஒரு பிடிவாதம். இதற்குத் தார்மீக நியாயமும் சொல்லப்படுகிறது: ஒரே குண்டு, தவறினால் மிருகம் பிழைத்துப் போகட்டும். வேட்டைக்காரன் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்கிறான் என்பது ஸ்பானியச் சிந்தனையாளர் ஒர்தேகா இ காஸெத் வேட்டை பற்றி 1942-ல் எழுதிய கட்டுரையிலும் முக்கியமான கருத்து.

இந்த நியாயத்தைச் சோதிப்பது எஜெக்டர் என்ற சின்ன உறுப்பு. சுட்டபின் லீவரைக் கீழே தள்ளினால் குழலின் பின்புறத்தை அடைத்திருக்கும் கட்டை இறங்குகிறது; எஜெக்டர் காலிக்கூட்டை வெளியே எறிகிறது. எறியாவிட்டால் அடுத்த தோட்டாவுக்கு இடமில்லை. ஒரு குண்டே போதும் என்பவனுக்கு இதைப் பற்றிக் கவலை எதற்கு? ஆனால் அவன்தான் இதைச் சரிசெய்ய மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான்.

இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தவறும் குண்டு எப்போதும் முழுக்கத் தவறிவிடுவதில்லை. வயிற்றில் பட்ட மான் உடனே சாவதுமில்லை, பிழைப்பதுமில்லை. மணிக்கணக்காகக் கிடந்து சாகும். அங்கே இரண்டாவது தோட்டா பேராசை அல்ல, கடன். கூடு சிக்கிக்கொண்டால், வேட்டைக்காரன் எடுத்துக்கொண்ட விரதத்துக்கு மான் விலை கொடுக்கிறது. தன் கட்டுப்பாட்டின் செலவைப் பிறர் தலையில் சுமத்துவதை ஒழுக்கம் என்று சொல்ல முடியாது.

பழுதுபார்ப்பதிலும் ஒரு சுயவஞ்சனைக்கு இடமிருக்கிறது. கூடு வரவில்லை என்றதும் முதலில் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கிறோம். ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கூட்டின் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி தேய்ந்திருக்கலாம், பழைய கிரீஸ் இறுகியிருக்கலாம். இவையெல்லாம் எளிதில் தீரும். ஆனால் வெடிக்கும்போது பித்தளைக்கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டுகிறது. அழுத்தம் குறைந்ததும் சற்றுச் சுருங்கி விடுபடவேண்டும். அறையில் துருவும் கரியும் இருந்தால் விடுபடாது. வேகத்துக்கு ஆசைப்பட்டு மருந்தை அதிகம் அடைத்திருந்தாலும் விடுபடாது. அப்போது சிக்கிய கூடு எஜெக்டரின் குற்றமல்ல, எச்சரிக்கை. வலுவான ஸ்பிரிங் போட்டு அதைப் பிடுங்கி எறியச் செய்பவன், பழுதை நீக்கவில்லை. எச்சரிக்கையின் வாயை அடைக்கிறான். அறையை வழவழப்பாக்குகிறேன் என்று அளவுமீறித் தேய்ப்பவன் நிலையும் அதுதான். தேய்த்த எஃகு திரும்ப வராது.

எனவே சரியான வரிசை இது: முதலில் துப்பாக்கி காலியா என்று பார்ப்பது, பிறகு அறையைத் துடைப்பது, மருந்தின் அளவைச் சரிபார்ப்பது, கடைசியில்தான் ஸ்பிரிங். தன் கைக்காரியத்தைச் சந்தேகித்த பிறகு கருவியைச் சந்தேகிப்பது.

ஒரே குண்டு என்ற விரதம் விசையை அழுத்தும்முன் பொருந்தும். சுடாமலே திரும்பிவிடும் சுதந்திரம் அதுவரை இருக்கிறது. சுட்டபின் விரதத்துக்கு வேலை இல்லை. பொறுப்பு மட்டுமே மிச்சம். எஜெக்டர் அந்தப் பொறுப்பின் உறுப்பு.