கித்தா பால் கறை

மூன்று தீபாவளிக்கு முன்பு, மலேசியாவில் லாபிஸ் ஊர் வீட்டுப் பின்கட்டில் அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது குதிகாலில் ஐந்து காசு அளவுக்கு ஒரு கருப்பு. "என்னம்மா இது?" என்று கேட்டார் மகன். "கித்தா பால் கறைய்யா. மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சாப் போயிடும்." மகன் சிரித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுவதை விட்டு அப்போதே 18 வருடம் ஆகியிருந்தது.

இந்தக் கணக்குதான் மகனைத் தூங்கவிடவில்லை. இத்தனைக்கும் அவர் செய்வது கணக்கர் வேலை. அந்தக் கருப்பு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று தெரிந்தபின், ஜொகூர் பாருவில் அம்மாவுக்கு முதன்முறையாகப் பெம்புரோலிசுமாப் மருந்து ஏறிய அரை மணி நேரமும் அவர் பார்வை போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அந்தக் காலிலேயே இருந்தது.

"வெயில்ல வேலை செஞ்சதாலயா டாக்டர்?" அம்மா கேட்டார். தோட்டத்து ஆட்களுக்கு எல்லா நோய்க்கும் வெயில்தான் காரணம். மருத்துவர் தலையாட்டி மறுத்தார். கருத்த தோலில் மெலனோமா வருவதே குறைவு. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் அதிகம் படாத இடங்களில்தான் பெரும்பாலும் வரும். பாடகர் பாப் மார்லியைப் பற்றி எப்போதோ படித்தது மகனுக்கு அரைகுறையாக நினைவு வந்தது. 1977-இல் அவருடைய கால்விரல் நகத்தடியில் இருந்த மெலனோமாவைப் பந்து விளையாடியபோது பட்ட காயம் என்றே முதலில் நினைத்தார்களாம். 1981-இல், 36 வயதில், இறந்துபோனார். அங்கே காயம், இங்கே கறை.

கறை என்பது பொய்யும் இல்லை. சின்ன வயதில், தோட்டத்துத் தீம்பாரிலிருந்து ஒட்டுப்பால் வாடை முதலில் வீட்டுக்குள் வரும், பிறகு அம்மா வருவார். காலில் சொட்டிய பால் காய்ந்து கருத்திருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவது மகனின் வேலை. விரலால் ஒருமுறை தடவியிருந்தால் இது கறையில்லை என்று தெரிந்திருக்கும். அந்தத் தீபாவளியன்று அவர் குனியவில்லை.

அம்மாவுக்கு ஏறிய மருந்து புற்றை நேராகக் கொல்வதில்லை என்றார் மருத்துவர். உடம்பின் காவல்காரர்களான டி அணுக்கள் புற்றைப் பார்க்காமல் இல்லை. ஆனால் அவற்றின் மேலுள்ள பிடி-1 என்ற பிரேக்கைப் புற்று அழுத்திவிடுகிறது. அவை சும்மா இருந்துவிடுகின்றன. மருந்து அந்தப் பிரேக்கை விடுவிக்கிறது. பிடி-1-ஐக் கண்டறிந்த தசுக்கு ஹோஞ்சோ, இன்னொரு பிரேக்கை ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசனோடு 2018-இல் நோபெல் பரிசு பெற்றார். 2015-இல் மூளை வரை பரவிய மெலனோமாவுக்குக் கதிர்வீச்சோடு இதே மருந்தையும் எடுத்துக்கொண்ட அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 100 வயது வரை இருந்தார். ஆனால் உள்ளங்காலில் வரும் வகை இவ்வளவு எளிதில் மசிவதில்லை. பிரேக் போன காவல்காரர்கள் தைராய்டையும் குடலையும் நுரையீரலையும்கூடத் தாக்கக்கூடும்.

பார்த்தும் சும்மா இருந்தவை என்று கேட்டதும் மகனுக்குச் சுருக்கென்றது. அவருடைய பிரேக்கை அழுத்தியது எது? பண்டிகை நாளில் ஆஸ்பத்திரிப் பேச்சு எதற்கு என்பதா? அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பழக்கமா?

திரும்பும் வழியில், யோங் பெங் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் இன்னொன்று தோன்றியது: 18 வருடம் அம்மாவுக்கு மட்டும் தெரியாதா என்ன? கறை என்று நம்பித்தான் சொன்னாரா, மகனின் தீபாவளி கெடக்கூடாது என்று சொன்னாரா? கேட்டுவிடலாம். சா ஆ ஊர் வரை கேட்கவில்லை. லாபிஸ் வந்ததும் அம்மாவே கண் திறந்து, காருக்குள் செருப்பைத் தேடினார். மகன் குனிந்து எடுத்துப் போட்டுவிட்டார்.