நீர்க்குடமும் கணக்குப் புத்தகமும்



சென்ற பௌர்ணமி வழிபாடு முடிந்து நாம் விளக்குகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, தாராவியிலிருந்து வரும் ஒரு சகோதரி என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, ஆசையே துக்கத்துக்குக் காரணம் என்று ஒவ்வொரு பௌர்ணமியும் சொல்லுகிறீர்கள். பட்டயக் கணக்காளர் தேர்வில் தேறவேண்டும் என்பது என் ஆசை. அந்த ஆசையால் வீட்டில் ஓயாத சச்சரவு. அப்படியானால் நான் படிப்பை விட்டுவிடத்தான் வேண்டுமா?”

எனக்கு உடனே விடை வரவில்லை. “அடுத்த பௌர்ணமிக்குச் சொல்லுகிறேன், அம்மா” என்று அனுப்பிவிட்டேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இன்று தாதரில் உங்கள்முன் நிற்கிறேன். அவரும் அவர் கணவரும் இசைந்தபடியால், பெயர் கூறாமல் அவர்கள் செய்தியை இங்குக் கூறுகிறேன்.

அச்சகோதரி வணிகவியல் பட்டதாரி. மாகிமில் ரயில் ஏறி அந்தேரியில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறார். அலுவலகத்துக்கு ஒன்பது மணி நேரம், ரயிலுக்கும் நடைக்கும் இரண்டரை, உறக்கத்துக்கு ஆறு. எஞ்சுவது ஆறரை மணி. அதில் விடியலில் குழாயடியில் நின்று நீர் பிடிப்பது, சமையல், துணி துவைத்தல், நான்கு வயதுக் குழந்தை, நோயுற்ற மாமியார் ஆகிய இவற்றுக்கு ஐந்து மணி போய்விடுகிறது. மீதி ஒன்றரை மணி நேரம் படிப்புக்கு! அதுவும் இரவு பதினொன்றுக்கு மேல், குழந்தை விழித்துவிடாதபடி அடுப்படியில் ஒரு சிறு விளக்கின்கீழ்.

இடைநிலைத் தேர்வில் இரண்டு தொகுதிகள். தொகுதிக்கு மூன்று தாள்கள். ஒவ்வொரு தாளிலும் நாற்பது மதிப்பெண்ணும், தொகுதியின் கூட்டில் பாதியும் வேண்டும். சென்ற முறை கூட்டில் பாதிக்கு மேல் பெற்றும், ஒரு தாளில் முப்பத்தெட்டே கிடைத்தமையால் தோற்றார். இரண்டு மதிப்பெண்! அன்றிரவு அவர் கணவர், “இது நமக்கு ஏற்பட்டதில்லை, விட்டுவிடு” என்றாராம். ஒரு தொகுதியில் தோல்வி இது இரண்டாம் முறை.

கணவரைக் கொடியவர் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் தோல் பை தைக்கும் பட்டறையில் உருப்படிக்குக் கூலி வாங்குபவர். காலை ஒன்பதுக்கு அமர்ந்தால் இரவு ஒன்பதுக்கு எழுபவர். இரண்டு தொகுதியும் தேறிவிட்டால் மனைவி இரண்டாண்டுகள் ஒரு கணக்காளரிடம் பயிற்சிக்கு அமரவேண்டும் என்பதும், பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் உதவித்தொகை இப்போதைய சம்பளத்துக்கு மிகவும் குறைவு என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே, மனைவி தோற்றால் வருத்தம், வென்றால் அச்சம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் மூன்றாம் நாள்தான் சொன்னார்.

இனி, ஆசை என்னும் கேள்விக்கு வருவோம்.

கோசாம்பி நகரில் கோசிதாராமத்தில் ஆனந்த தேரர் தங்கியிருந்தபோது, உண்ணாபன் என்னும் அந்தணன் வந்து ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டான். ஆசையை ஒழிக்கவேண்டும் என்பதும் ஓர் ஆசைதானே, ஆசையை ஆசையால் எப்படி ஒழிப்பது, இதற்கு முடிவே இராதே என்றான். தேரர் அவனையே திருப்பிக் கேட்டார்: நீ இந்தச் சோலைக்கு வரவேண்டும் என்று விரும்பினாய், முயன்றாய், நடந்தாய், வந்து சேர்ந்தபின் அந்த விருப்பம் எங்கே? அடங்கிவிட்டது என்றான் உண்ணாபன். போய்ச் சேர்ந்ததும் அடங்கும் விருப்பம் ஒன்று. சேரச் சேர வளரும் வேட்கை வேறொன்று. முன்னதைச் ‘சந்தம்’ என்றும் பின்னதைத் ‘தண்ஹா’ என்றும் பாலி நூலோர் பிரிப்பர். தேர்வில் தேறி, குடும்பத்தைக் கூலியின் நிச்சயமின்மையினின்று மீட்கவேண்டும் என்பது சோலைக்கு நடப்பது போன்றது. அயலார் வயிறெரிய வேண்டும் என்று படித்தால் அது வேறு. அச்சகோதரி அதற்காகப் படிக்கவில்லை என்பதற்கு நானே சாட்சி.

இதற்கு மேலும் ஓர் ஆதாரம் உண்டு. நாம் ஒவ்வொரு வழிபாட்டிலும் மங்கல சுத்தம் ஓதுகிறோம். பலரும் பொருளறியாது ஓதுகிறோம். பரந்த கல்வியும், கைத்தொழில் திறமும், நன்கு பயின்ற ஒழுக்கமும் உயர்ந்த மங்கலம் என்று அதில் ஓரிடத்தில் வருகிறது. அடுத்த பாட்டிலேயே தாய்தந்தையரைப் பேணுதலும், மனைவி மக்களைத் தாங்குதலும், ‘அனாகுல கம்மந்தம்’ என்பதும் வருகின்றன. அனாகுல கம்மந்தம் என்றால் குழப்பமில்லாத, தடுமாற்றமில்லாத தொழில். பாருங்கள்! படிப்பு, வீடு, வேலை மூன்றையும் பகவன் அடுத்தடுத்து வைத்தார். ஒன்றுக்காக இன்னொன்றைத் தள்ளச் சொல்லவில்லை. துறவிகளுக்கு மட்டுமே உரியது நம் தம்மம் என்று பேசுவோர் இந்தச் சுத்தத்தை ஒருமுறை பொருளறிந்து வாசிக்கட்டும்.

ஆனால் மூன்றையும் ஒருவர் தோளிலேயே ஏற்றவும் அவர் சொல்லவில்லை. அதற்குச் சோணரின் வரலாறு போதும். சம்பா நகரச் செல்வர் வீட்டுப் பிள்ளை சோணர், துறவு பூண்டபின் கால் பிளந்து இரத்தம் தரையில் படியும்வரை நடந்து நடந்து தியானம் பழகினார். பயன் கிட்டவில்லை, வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று நினைத்தார். பகவன் அவரிடம், “நீ முன்பு வீணை வாசிப்பவன் அல்லவா?” என்று கேட்டார். நரம்பை அளவுக்கு மீறி முறுக்கினாலும் இசை வராது, தளர்த்தினாலும் வராது என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைத்தார். நான்கு மணி உறங்கிப் படித்தால் தேறிவிடலாம் என்று கருதும் இளைஞர்களே, உங்களுக்கும் இது பொருந்தும். ஆலையில் இரவுமுறை பார்த்துவிட்டுப் பகலில் புத்தகம் பிடித்தவன் நான். உறக்கமின்றிப் படித்த பக்கம் மறுநாள் புதிய பக்கமாகவே தோன்றும்.

அச்சகோதரியின் நரம்பு அறுந்துபோகும் நிலையில் இருந்தது. அதைத் தளர்த்துவது எங்ஙனம்? அலுவலகத்தில் ஒன்பது மணி குறையாது, ரயில் சுருங்காது. குறைக்கத்தக்கது வீட்டு வேலையின் ஐந்து மணி ஒன்றே.

இந்த இடத்தில் நம் பாபாசாகேப்பின் வீட்டுக்குள் சற்றே நுழைந்து பார்ப்போம். அவர் சிறுவராக இருந்தபோது பரேலில் ஒற்றை அறையில் குடும்பம் வாழ்ந்தது. அறை சிறிது, ஒருவர் படித்தால் மற்றவர் உறங்க இடமில்லை. தந்தை ராம்ஜி, மகனை முன்னிரவிலேயே உறங்கச் சொல்லித் தாம் விழித்திருந்து, இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பிப் படிக்கவிட்டு, அவர் எழுந்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார் என்று சொல்லுவர். 1907ஆம் ஆண்டில் பீமராவ் மெட்ரிக்குலேஷன் தேறினார் என்று நாம் பெருமையாகச் சொல்லுகிறோம். உறக்கத்தைப் பங்கிட்ட அந்தக் கிழவரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வொர்லியில் சால் வீட்டுப் பிள்ளைகள் தெருவிளக்கின்கீழ் நடந்து நடந்து படித்த வீதிக்கு ‘அப்யாஸ் கல்லி’ என்றே பெயர் நின்றுவிட்டது. வீட்டில் இடமில்லாதபோது தெரு இடம் கொடுத்தது. எனினும் இரவில் தெருவில் நின்று படிக்கும் வசதி ஆண்பிள்ளைகளுக்கே அதிகம் வாய்த்தது என்பதையும் மறைக்கக்கூடாது.

1918இல் பாபாசாகேப் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். 1920 வரை சம்பளத்தில் மிச்சம்பிடித்து, நண்பரிடம் கடன் பெற்று, கோலாப்பூர் அரசர் சாகு மகாராஜாவின் உதவியும் கொண்டு, நின்றுபோன படிப்பை முடிக்க லண்டன் திரும்பினார். சட்டமும் பொருளாதாரமும் முடித்து 1923இல் வந்தார். அதன்பின் வழக்கறிஞர் தொழில் நடத்திக்கொண்டே, பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டமும் கற்பித்தார். அந்தச் சகோதரியிடம் இதைச் சொன்னபோது, “அந்தப் பாடம் எங்களுக்கும் உண்டு, ஐயா!” என்று முகம் மலர்ந்தார். வேலை செய்துகொண்டே படிப்பவரின் கஷ்டம் அறிந்தவராதலின், 1946இல் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, காலையில் வகுப்பு முடித்து வேலைக்குப் போகும்படி ஏற்பாடு செய்தார். 1956இல் அதன் சட்டக் கல்லூரியும் ஏற்பட்டது.

இவ்வளவும் மேடைதோறும் சொல்லப்படுவது. அவர் கடல் கடந்து படித்த ஆண்டுகளில் பரேல் சாலில் அடுப்பெரித்தது யார்? ரமாபாய் அம்மையார். ஐந்து மக்களைப் பெற்று நால்வரைப் பறிகொடுத்தவர். தாதர் இந்து காலனியில் ‘ராஜகிருகம்’ எழும்பிச் சற்று நல்ல காலம் பிறந்தபோது, 1935 மே 27ஆம் நாள் அதே வீட்டில் கண்மூடினார். பின்னர்ப் பாகிஸ்தான் பற்றித் தாம் எழுதிய நூலை அவர் நினைவுக்கே பாபாசாகேப் உரிமையாக்கினார். அந்தக் கடனை அவர் மறக்கவில்லை. 1942இல் நாகபுரியில் பெண்கள் மாநாட்டில், மனைவி கணவனுக்குத் தோழியாகவும் நிகரானவளாகவும் நிற்கவேண்டும், அடிமையாக இருக்க மறுக்கவேண்டும் என்று அவர் பேசினார். 1951இல் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியபோது மந்திரி பதவியையே துறந்தார். ரமாபாயின் தியாகத்தைப் புகழ்ந்து பேசிவிட்டு, நம் வீட்டிலும் ஒரு ரமாபாய் அப்படியே தேய்ந்து போகட்டும் என்று இருப்போமானால், நாம் பாபாசாகேப்பிடம் என்ன கற்றோம்?

ராஜகிருகம் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அந்தப் பழைய ராஜகிருக நகரில்தான் சிகாலன் என்னும் இளைஞன் ஈர ஆடையோடு ஆறு திசைகளையும் வணங்கிக்கொண்டிருந்தான். மேற்குத் திசை மனைவி மக்களே என்று பகவன் அவனுக்கு விளக்கினார். கணவன் செய்யவேண்டியவை ஐந்து: மதித்தல், இழிவாகப் பேசாமை, பிறர்மனை நாடாமை, இல்லத்தின் அதிகாரத்தை ஒப்படைத்தல், அணிகலன் வாங்கித் தருதல். முதல் இரண்டையும் பாருங்கள். “இது நமக்கு ஏற்பட்டதில்லை” என்னும் சொல், மதித்தலா? தலைமுறை தலைமுறையாக நமக்குப் பிறர் சொன்ன சொல்லன்றோ அது! அதை நம் வாயாலே நம் வீட்டில் சொல்லலாமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் அமர்ந்து, அந்தத் தம்பியிடம் இதைத்தான் பேசினேன். குழாயடிக்குக் குடம் எடுத்துப்போக அவருக்குக் கூச்சம். “சந்தே சிரிக்கும், ஐயா” என்றார். சாதியை நாகபுரியிலே விட்டுவந்தோம் என்கிறோம். ஆனால் குடத்துக்கு ஒரு சாதியை வைத்திருக்கிறோம், அது பெண் சாதி என்றேன். மாமியார் படுக்கையிலிருந்தே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் காரியத்தை முடித்தது என்று நினைக்கிறேன். விடியல் நீரும் இரவுப் பாத்திரமும் இப்போது தம்பியின் பொறுப்பு. ஞாயிறு பிற்பகல் குழந்தையும் அவரோடு. ஒன்றரை மணி மூன்றாகியிருக்கிறது.

பண விஷயத்துக்கும் சிகாலனிடம் சொன்னதே உதவியது. ஈட்டுவதை நான்கு பங்காக்கி, ஒன்றை நுகரவும், இரண்டைத் தொழிலில் இடவும், ஒன்றை ஆபத்துக் காலத்துக்கு வைக்கவும் பகவன் சொன்னார். கூலிக்காரனுக்கு நான்கில் ஒன்று சேமிப்பது எளிதன்று. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் வரப்போகும் இரண்டாண்டுப் பயிற்சிக் காலம் எதிர்பாராத ஆபத்தன்று; முன்கூட்டியே தெரிந்த பள்ளம். சகோதரி கணக்கெழுதுபவர் அல்லவா! அவரே ஒரு தாளில் வரவு செலவு போட்டு, இப்போதிருந்து மாதந்தோறும் எவ்வளவு ஒதுக்கினால் பள்ளத்தில் எத்தனை மாதம் நிரம்பும் என்று கணவருக்குக் காட்டினார். முழுதும் நிரம்பவில்லை. பாதிக்குச் சற்றுக் குறைவாக நிரம்பியது. இருந்தாலும் பயம் ஓர் எண்ணாக மாறியதும் தம்பியின் முகத்தில் தெளிவு வந்ததைக் கண்டேன்.

2024 முதல் அந்தத் தேர்வு ஆண்டுக்கு மும்முறை நடைபெறுகிறது. ஒரு முறை தவறினால் நான்கு மாதத்தில் மறுமுறை உண்டு. ஒரு தாளில் அறுபது எடுத்துவிட்டால், தொகுதியில் தோற்றாலும் அந்தத் தாளை அடுத்த மூன்று முறைக்கு எழுத வேண்டியதில்லை. ஆகவே இம்முறை ஒரே தொகுதியை மட்டும் எழுதுவதென்றும், அதில் வலுவான ஒரு தாளில் அறுபதுக்கு முயல்வதென்றும் அவர் முடிவு செய்திருக்கிறார். நரம்பைச் சரியாக முறுக்குவது என்பது இதுவே.

தோல்வியால் துவண்டவர்களுக்குச் சூளபந்தகரை நினைவூட்டுகிறேன். நான்கு மாதம் முயன்றும் ஒரு பாட்டு மனத்தில் நிற்கவில்லை. சொந்த அண்ணனே, தேரராயிருந்தும், போய்விடு என்று அனுப்பினார். பகவன் வாயிலில் அவரை நிறுத்தி, கையில் ஒரு தூய துணியைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். துணி அழுக்கேறியதைப் பார்த்தே அவர் நிலையாமையை உணர்ந்து ஞானம் பெற்றார். பாட்டு நிற்காத மனம் உதவாத மனம் அன்று.

நான் உங்களுக்கு உபதேசம் செய்யுமுன் என் கணக்கையும் சொல்லவேண்டும். ஆலை வேலையோடு இராப்பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேறியவன் நான் என்பதை நீங்கள் அறிவீர்கள். என் இல்லாளும் அப்போது ஏழாம் வகுப்போடு நின்ற படிப்பைத் தொடர விரும்பினார். இருவரும் இரவில் வெளியே போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டேன். கேட்டேன் என்பதைவிட, முடிவு செய்துவிட்டுக் கேட்டேன் என்பதே உண்மை. அவர் புத்தகங்களைக் கட்டிப் பரணில் வைத்தார். இருபத்தைந்து ஆண்டுகளாக நான் மைத்திரி பற்றிப் பேசி வருகிறேன். அந்தக் கட்டு என் கண்ணில் பட்டதில்லை.

இன்று அந்தத் தம்பி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். சகோதரி வரவில்லை, படிப்பகத்தில் இருக்கிறார். அவர் வராததில் எனக்கு மகிழ்ச்சியே. நேற்றிரவு இந்த உரையை என் இல்லாளுக்கு வாசித்துக் காட்டி, இப்போதாவது பத்தாம் வகுப்புக்குப் படிக்கிறாயா என்று கேட்டேன். “காலையில் பேரனைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது யார்?” என்றார். நான் விடுகிறேன் என்றேன். “ஒரு மாதம் விடுங்கள், பார்க்கலாம்” என்று விளக்கை அணைத்துவிட்டார். நாளை திங்கட்கிழமை, பள்ளி மணி ஏழு இருபதுக்கு.