உவிடாவில் இரவு தங்கலாமா?

மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கொத்தொனூவில்தான் அறை எடுக்கிறார்கள். விமானம் இறங்குவது அங்கே. அமைச்சகங்கள், வங்கிகள், தாந்தோக்பா பெருஞ்சந்தை, சந்துபொந்தெல்லாம் நுழைந்து ஓடும் மோட்டார் சைக்கிள் டாக்சிகள் எல்லாமே அங்கே. சட்டப்படி தலைநகர் போர்ட்டோ-நோவோ. நாடாளுமன்றம் கூடுவது அந்த ஊரில். ஆட்சி நடப்பதோ கொத்தொனூவில். நாடு தமிழ்நாட்டைவிடச் சற்றே சிறியது. தெற்கே பார்க்க வேண்டிய ஊர்கள் பெரும்பாலும் காலையில் புறப்பட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடும் தூரத்தில் இருக்கின்றன. பெட்டியைக் கொத்தொனூவில் வைத்துவிட்டு ஊர் ஊராகப் போய்வருவதுதான் சௌகரியம்.

மேற்கே 40 கிலோமீட்டரில் இருக்கும் உவிடாவுக்கும் அப்படித்தான் போய்வருகிறார்கள். ஆனால் அங்கே தங்காமல் திரும்புகிற சிலருக்குச் சௌகரியத்தைத் தாண்டி இன்னொரு காரணமும் உண்டு. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களை விலைபேசிக் கப்பலேற்றிய கரையில், வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்கடியில் நிம்மதியாகத் தூங்கலாமா என்ற கூச்சம் அது. நியாயமான கூச்சம்தான். அதற்குள் ஒரு பழைய சமயக் கேள்வியும் ஒளிந்திருக்கிறது. பாவம் எதில் ஒட்டுகிறது, மண்ணிலா, மனிதரிலா?

1727-இல் தாகோமே மன்னர் அகாஜா உவிடாவைக் கைப்பற்றினார். அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த அடிமை வணிகம் அதன்பின் தாகோமே அரசின் கைக்கு வந்தது; போரில் பிடிபட்டவர்கள் இங்கே விற்கப்பட்டார்கள். வாங்குவதற்காக ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், போர்த்துக்கீசியர் மூவரும் ஊருக்குள்ளேயே ஆளுக்கொரு கோட்டை வைத்திருந்தார்கள். போர்த்துக்கீசியக் கோட்டை மட்டும் மிஞ்சியது; 1961 வரை லிஸ்பன் அதை விட்டுக்கொடுக்கவில்லை. அடிமை இறக்குமதியை அமெரிக்கா தடைசெய்து அரை நூற்றாண்டு கடந்தபிறகும், 1860-இல், க்ளோடில்டா என்ற கப்பல் இங்கிருந்து சுமார் 110 பேரை அலபாமாவுக்குக் கடத்திக்கொண்டு போனது. அவர்களில் ஒருவரான கோசோலா, கட்ஜோ லூயிஸ் என்ற பெயரில் 1935 வரை வாழ்ந்தார். ரொம்பப் பழைய கதை என்று தள்ளிவிட முடியாது.

ஏலம் நடந்ததாகச் சொல்லப்படும் சாச்சா சதுக்கத்திலிருந்து கடற்கரைக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர். வழியில் 'மறதி மரம்' நின்ற இடத்தைக் காட்டுகிறார்கள். ஆண்கள் 9 சுற்றும் பெண்கள் 7 சுற்றும் அந்த மரத்தைச் சுற்றினால் ஊர், பேர், குலதெய்வம் எல்லாம் மறந்துபோகும் என்பது வழிகாட்டிகள் சொல்லும் கதை. பாதை முடியும் இடத்தில், கடலைப் பார்த்தபடி 'திரும்பா வாசல்' என்ற நினைவு வளைவு, 1990-களில் எழுப்பியது. மறதி மரச் சடங்குக்கு வணிகக் காலத்து எழுத்துச் சான்று இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் ஐயப்படுகிறார்கள். ஐயம் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் கதையில் விற்றவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கடல் கடந்து செத்தவர்களின் ஆவி ஊர் திரும்பித் தங்களைப் பழிதீர்க்கும் என்று பயந்தார்கள். மிதித்து நின்ற மண்ணைக் கண்டு ஒருவரும் பயப்பட்டதாகக் கதை இல்லை.

இந்தப் பயத்துக்கு ஒரு வழிபாடே உண்டு. தோகோவிலும் தெற்குப் பெனினிலும் கடலோரக் குடும்பங்கள் சில, சாம்பா என்ற வோடுனை, அதாவது மரபுத் தெய்வத்தை, கும்பிடுகின்றன. வடக்கிலிருந்து விலைக்கு வாங்கிக் கொண்டுவந்த அடிமைகளின் ஆவிகளே அந்தத் தெய்வம். கும்பிடுகிறவர்கள் அவர்களை வாங்கியவர்களின் பேரன் பேத்திகள். வீட்டில் நோய் தீராமல் போனாலோ, குழந்தை தங்காமல் போனாலோ குறி கேட்கப் போவார்கள். பாட்டன் காலத்தில் வீட்டில் ஓர் அடிமை இருந்ததும், முறையாக அடக்கம் செய்யாமல் விட்டதும் அங்கே வெளிவரும். கருப்பு, சிவப்பு, வெள்ளை என மூன்று உலோகங்களைக் குறிக்கும் வளையம்தான் இந்தத் தெய்வத்தின் அடையாளம். அடிமையின் கையில் கிடந்த காப்பின் நினைவு அது. பூசையில் சாமி வந்து ஆடுகிறவர் வடக்கத்தியர்போல உடுத்திக்கொள்கிறார், தனக்கே புரியாத வடக்குப் பேச்சைப் பேசுகிறார், வடக்கத்திச் சாப்பாடு கேட்கிறார். எசமானின் கொள்ளுப்பேத்தி, அந்த வீட்டில் அடிமையாகக் கிடந்தவளைத் தன் உடம்பில் ஏற்றி, அவள் கேட்டதையெல்லாம் கொடுக்கிறாள்.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது. செத்தபிறகும் அந்த அடிமைக்கு எசமான் வீட்டு நோயைத் தீர்க்கும் வேலைதானா? தெய்வமாக்கிய பின்னும் ஊழியம் நிற்கவில்லையே என்று ஒருவர் கேட்டால் எளிதில் பதில் சொல்ல முடியாது. ஆனால் கடன் யாருடையது என்பதில் சாம்பாவுக்குக் குழப்பமே இல்லை. அது வாங்கியவனின் ரத்தத்தில் இறங்கி வருகிறது. அவன் குடும்பம் எந்த ஊருக்குக் குடிபோனாலும் கூடவே போகும்.

1999-இல் பெனின் அதிபர் மத்தியூ கெரெக்கூ அமெரிக்காவில், பால்டிமோரின் ஒரு தேவாலயத்தில் மண்டியிட்டு, ஆப்பிரிக்கர்களே ஆப்பிரிக்கர்களை விற்றதற்காகக் கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 1970-களில் மார்க்சிய ஆட்சி நடத்தி வோடுன் வழிபாட்டை மூடநம்பிக்கை என்று ஒடுக்கியவரும் அவர்தான். பின்னாளில் தீவிரக் கிறிஸ்தவரானார். மண்டியிட்டதில் பாசாங்கு இருந்ததாகச் சொல்ல முடியாது. என்றாலும் ஒரு நாட்டுக்காக ஒருவர் ஒருமுறை கேட்கும் மன்னிப்பைவிட, ஒரு வீடு தலைமுறை தலைமுறையாகப் படையல் வைத்துத் தீர்க்கும் கடன் கனமானது.

தமிழ் வாசகருக்கும் இந்தக் கணக்கில் ஒரு வரி உண்டு. உவிடாவில் மனிதர்களுக்கு விலையாக எண்ணித் தந்தவற்றில் சோழி முக்கியமானது. தாய விளையாட்டில் இங்கே உருட்டும் அதே சோழி. மாலத்தீவில் பொறுக்கியதை டச்சுக்காரர்கள் இலங்கை வழியாகவும் ஆங்கிலேயர்கள் வங்காளம் வழியாகவும் ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்கிருந்து கினி கடற்கரையில் இறக்கினார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணியும் அதே கடற்கரையில் அடிமைகளுக்கு மாற்றாகப் போன சரக்கு. நெய்தவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. பாவம் மண்ணில்தான் ஒட்டும் என்றால் சோழி பொறுக்கிய கரைகளையும் தறிமேடைகளையும்கூட விலக்க வேண்டிவரும். லிவர்பூல், நாந்த், லிஸ்பன் என்று தூங்கக்கூடாத ஊர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

பெனினுக்குள்ளேயே தப்பிக்க இடமில்லை. போர்ட்டோ-நோவோவின் பழைய பெரிய மசூதி பார்வைக்குப் பிரேசில் தேவாலயம்போல இருக்கும். பிரேசிலில் அடிமையாக இருந்து திரும்பியவர்களின் வழிவந்தவர்கள் கட்டியது. அப்படித் திரும்பியவர்களில் சிலர் தாங்களே அடிமை வணிகத்தில் இறங்கியதும் வரலாறு. அபோமேயில் தாகோமே மன்னர்களின் அரண்மனைகள் 1985 முதல் உலக மரபுச் சின்னம். அங்கிருந்து பிரான்ஸ் கொள்ளையடித்துப் போனவற்றில் 26 பொருள்கள் 2021-இல் திரும்பின. அந்த அரண்மனைகளின் சிம்மாசனங்களில் அமர்ந்தவர்கள்தான் விற்றவர்கள். நொக்குவே ஏரிக்குள் கால்நட்டு நிற்கும் கன்வியே மட்டும் தப்பியோடியவர்களின் ஊர். தண்ணீருக்குள் துரத்திப்போகத் தாகோமே வீரர்களின் சமயம் தடைபோட்டதால் பிழைத்தோம் என்பது அவர்கள் சொல்லும் கதை. கரையில் நின்றவர்களுக்காக அதே மதம் ஏன் ஒரு தடையும் போடவில்லை என்ற கேள்வி அந்த ஏரியைப் பார்த்தால் எழத்தான் செய்யும்.

ஆகவே உவிடாவில் தங்குவதில் தவறில்லை. தங்காமல் திரும்புவதில்தான் ஒரு சின்ன அவமதிப்பு இருக்கிறது: வாழும் ஊரைச் சுடுகாடுபோலப் பார்த்துவிட்டு ஓடுவது. பகல் பயணிக்கு மலைப்பாம்புக் கோயில், கழுத்தில் பாம்பைப் போட்டுப் படமெடுக்கும் இடம். எதிரிலேயே கத்தோலிக்கப் பேராலயம். 'எதிரெதிரே இரண்டு மதம்' என்று வியந்துவிட்டு வண்டி ஏறிவிடுவார். இருட்டிய பிறகு நடப்பது வேறு. பெரும்பாலும் நான்கைந்து அடிக்கு மேல் வளராத, விஷமில்லாத அந்தப் பாம்புகளை அவ்வப்போது இரை தேட இரவில் வெளியே விடுகிறார்கள். எலி பிடிக்க யார் வீட்டுக்குள்ளாவது நுழைந்தால், அடிக்காமல் எடுத்துக் கோயிலில் சேர்க்க வேண்டியது அந்த வீட்டாரின் பொறுப்பு. ஞாயிறு காலை பேராலயத்துக்குப் போகிறவர்களும் அந்தத் தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள்.

சாச்சா சதுக்கத்தை ஒட்டி டி சௌசா குடும்பத்தின் வீடு. பிரேசிலிலிருந்து வந்து, தாகோமே மன்னர் கெசோவின் நண்பராகி, அடிமை வணிகத்தில் கொழித்து, 1849-இல் இறந்த பிரான்சிஸ்கோ ஃபெலிக்ஸ் டி சௌசாவின் கல்லறை அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அவருக்கிருந்த 'சாச்சா' என்ற பட்டம் அவர் வம்சத்தில் தொடர்கிறது. அவர் வீட்டு அடிமைகளின் சந்ததியிலும் அதே குடும்பப் பெயரைச் சுமப்பவர்கள் உண்டு. யார் எந்தப் பக்கம் என்று வெளியூர்க்காரர் பெயரை வைத்துப் பிரிக்க முடியாது.

எங்கே தங்குவது என்பதில் ஒரு தெரிவு இன்னும் மீதமிருக்கிறது. திரும்பா வாசலை ஒட்டி அரசு ஒரு சுற்றுலா வளாகம் கட்டுகிறது. ஓட்டல், தோட்டம், அடிமைக் கப்பலின் மாதிரி எல்லாம் அதில் உண்டு. வேலை கிடைக்கும் என்கிறார்கள் ஒரு சாரார்; துயரத்தைக் கேளிக்கையாக்குகிறார்கள் என்கிறார்கள் மறு சாரார். ஊருக்குள், சந்தைக்குப் பக்கத்தில், சின்ன விடுதிகளும் இருக்கின்றன. அங்கே அறை எடுப்பதே மேல். கொடுக்கும் காசும் கேட்கும் பேச்சும் ஊர்க்காரர்களுடையதாக இருக்கும். ஜனவரியில் வரும் வோடுன் திருநாளை ஒட்டிப் போகிறவர்கள் வெகு முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

2024-இல் பெனின் ஒரு சட்டம் இயற்றியது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர் என்று நிறுவினால் குடியுரிமை கிடைக்கும்; மரபணுச் சோதனை முடிவையும் சான்றாக ஏற்கிறார்கள். முதலில் தருவது மூன்றாண்டுத் தற்காலிகச் சான்று. அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது அவர்கள் பெனினுக்கு வந்து தங்க வேண்டும்.